மாப்பிள்ளை வாட்ச்

முப்பத்தெட்டு மணி நேரம். கையில் கட்டாமல் வைத்தால் அந்த வாட்ச் அவ்வளவு நேரம்தான் ஓடும். அதற்குப் பேட்டரி கிடையாது. கட்டியிருப்பவரின் கை அசையும்போது உள்ளே ஒரு சிறு தகடு சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். கை அசையாவிட்டால் முறுக்கு மெல்லத் தளர்ந்து நின்றுவிடும். மாட்டுங்கா ஷோரூமில் நகுல் என்ற விற்பனையாளர் இதைத் தெளிவாகச் சொன்னார். அப்போது அப்பா இன்னொரு கவுன்டரில் நின்று, இவ்வளவு ரூபாய்க்கு வாங்கினால் ஒரு சுவர்க் கடிகாரம் சும்மா தரக் கூடாதா என்று மேனேஜரைக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா ஏசிக்குப் பயந்து முந்தானையால் காதை மூடியிருந்தாள். ஆக, கேட்டது நான் மட்டும்.

நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் முப்பத்தைந்து நாள் இருந்தது. அதாவது எண்ணூற்று நாற்பது மணி நேரம்.

இவ்வளவு முன்னதாக வாங்கியதற்குக் காரணம் ஆடி. மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடியில் நல்ல காரியத்துக்கு எதுவும் வாங்கக் கூடாது. ஆவணி பிறந்ததும் வாங்கலாமே என்றால், நிச்சயத்துக்கு முன்னால் மூன்று நாள்தான் இருந்தது. ஒன்று நவமி. ஒன்று கரிநாள். மூன்றாவது செவ்வாய்க்கிழமை. அதனால் ஆனி கடைசி நாளில் மூன்று பேரும் மழையில் டாக்சி பிடித்துப் போனோம்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் நிச்சயத்தன்று பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டுவார்கள். பெண்ணின் சகோதரன் கட்ட வேண்டும். எனக்குச் சகோதரன் இல்லை என்பதால் அம்மாவின் தம்பி முத்துசெல்வம் மாமா கட்டுவதாக ஏற்பாடு. கோவண்டியில் இருக்கும் அவர்தான் இந்தச் சம்பந்தத்தையும் கொண்டுவந்தவர்.

"எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்," என்று மாப்பிள்ளையின் அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார். "நாங்க செம்பூர் வந்து நாப்பது வருஷமாச்சு. நகை, ரொக்கமெல்லாம் ஊர்ப்பக்கம் பேசுற பேச்சு."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வாட்ச் மட்டும்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "அது முறை. மாத்தப்படாது."

"அதுக்கென்ன சம்பந்தி, நல்லதா ஒண்ணு எடுத்துருவோம்."

"எதுன்னு பையனே அனுப்புவான். அவன் கொஞ்சம் விவரமானவன்."

மாப்பிள்ளை பெயர் ஹரிகிருஷ்ணன். மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனியில் வேலை. மறுநாள் அவரிடமிருந்து எனக்கு எட்டுப் பக்கத்தில் ஒரு பி.டி.எஃப். வந்தது. தலைப்பு: குறைந்த பட்ஜெட்டில் முதல் சொகுசு வாட்ச். ஐந்து மாடல்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். பாரம்பரியத்துக்குப் பத்துக்கு எட்டு, மறுவிற்பனைக்கு ஏழு, மீட்டிங்கில் கவனிக்கப்படும் வாய்ப்புக்கு ஒன்பது. முதல் மாடலுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'கனவு' என்று போட்டிருந்தது. மற்ற நான்கும் சரியாக எங்கள் பட்ஜெட்டுக்குள் இருந்தன. எங்கள் பட்ஜெட் அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். மாமா என் நற்குணங்களைச் சொல்லும்போது வங்கி இருப்பையும் சேர்த்துச் சொல்லியிருந்தார்.

இருப்பு என்னுடையது. செம்பூரில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனை லேபில் நான் கெமிஸ்ட். நான்கு வருடச் சம்பளத்தில் மிஞ்சியதை எம்.எஸ்ஸி. படிக்க வைத்திருந்தேன். இரண்டு வருடக் கட்டணத்துக்குச் சரியாக இருந்தது. அப்பாவுக்குத் தாராவி தொண்ணூறடி ரோட்டில் பாத்திரக் கடை. கடையில் எப்போதும் பணம் இருக்கும். ஆனால் அது எப்போதும் சரக்காக இருக்கும்.

"ஒம் பேர்ல கெடந்தா என்ன, எம் பேர்ல கெடந்தா என்ன," என்றார் அப்பா. "வாட்சு போக ஒரு வருஷத்துக்கு மிஞ்சுதுலா? அதத் தொடமாட்டேன். ஆகஸ்ட்ல பீஸ கட்டு. அடுத்த வருஷத்த அடுத்த வருஷம் பாப்போம்."

மாப்பிள்ளை வீட்டாரும் நான் படிப்பதை ஆட்சேபிக்கவில்லை. அவர்களுக்குச் செலவில்லாத எதையும் அவர்கள் ஆட்சேபிக்கவில்லை.

ஷோரூமில் அப்பா வாட்சைக் கையில் வாங்கியதும் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். முப்பது வருடமாகக் குடத்தையும் அண்டாவையும் தூக்கிப் பார்த்தே விலை சொல்பவர்.

"எத்தன கிராம்?"

நகுல் மலையாளி. தமிழ் புரியும். "சார், வாட்சை வெயிட் பார்த்து வாங்க மாட்டாங்க."

"பின்ன எதப் பாத்து வாங்குவாவ?"

"இது ஸ்டீல். நூற்றி இருபது இருக்கும். இதே மாடல் டைட்டானியத்தில் எழுபது கிராம்தான். இருபதாயிரம் கூட."

அப்பா என்னைப் பார்த்தார். "எட கொறையக் கொறைய வெல கூடுதாட்டி? இவன்கிட்ட யாவாரம் படிக்கணும்."

பட்டியலில் நான்காவது மாடலை எடுத்தோம். கார்டைத் தேய்த்தது நான். பில்லை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டது அப்பா. தெருவுக்குள் நுழைந்ததிலிருந்து, "மருமவனுக்கு வாட்சு எடுத்தேன், சுவிசு," என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். வாட்ச் உள்ளங்கையில் அடங்கும். பெட்டி ஜவுளிக்கடைப் பெட்டி மாதிரி இருந்தது. உள்ளே பதினொரு மொழிகளில் ஒரு புத்தகம். தமிழ் இல்லை.

நிச்சயம் வரை அது சுவரில் சாமி படங்கள் இருக்கும் தட்டில் இருக்கட்டும் என்று அம்மா முடிவு செய்திருந்தாள். டாக்சியிலேயே சொல்லிப் பார்த்திருந்தேன்.

"கட்டாம வச்சா நின்னுரும்மா."

"நின்னுருமா? சாமி தட்டுல நின்ன கடியாரமா? ஆடி மாசத்துலயா?" அம்மா டிரைவர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"அப்ப யாராவது கட்டிருக்கணும்."

"மாப்பிள்ள கட்டதுக்கு முன்னால யாருட்டி கட்டுவா? ஒருத்தர் கட்டுன வாட்ச சபையில வச்சுக் குடுத்தா காறித் துப்பமாட்டாவளா?"

"நிக்காதுட்டி," என்றார் அப்பா. "லட்ச ரூவா வாட்சு எதுக்கு நிக்கும்?"

ஆக நிபந்தனை இரண்டு. அது நிற்கக் கூடாது. அதை யாரும் கட்டக் கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்க வழியில்லை என்பதைப் பள்ளிக்கூடப் பாடத்திலேயே விளக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் என்னிடம் விளக்கம் கேட்கும் வழக்கம் இல்லை. நானாகச் சொல்லும் வழக்கமும் இல்லை.

பக்கவாட்டில் இருக்கும் திருகைச் சுற்றியும் முறுக்கலாம் என்று நகுல் சொல்லியிருந்தார். மறுநாள் விடியற்காலையில், அம்மா தூங்கும்போது, சாமி தட்டின் கீழே நின்று சுற்றினேன். கர்ர் கர்ர் என்று சத்தம் வந்தது. ஒரே அறை. அம்மா புரண்டு படுத்து, "எலி," என்றாள். அன்று சாயங்காலம் அப்பா ஒரு எலிப்பொறி வாங்கி வந்து தட்டுக்குக் கீழேயே வைத்தார்.

அடுத்த நாள் முதல் கட்டிக்கொண்டு போனேன்.

ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். அம்மா குடத்தோடு போவாள். அப்பா பேப்பர் வாங்கப் போவார். அந்தப் பத்து நிமிடத்தில் வாட்சை எடுத்துக்கொண்டு பெட்டியை மூடி வைப்பேன். முழுக்கைச் சுடிதார் போட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா கடைக்கு டீ கொண்டுபோவாள். ஆறேகாலுக்கு நான் வந்து திரும்ப வைத்துவிடுவேன். ஆறே முக்காலுக்கு அம்மா வந்து விளக்கேற்றுவாள். பகலெல்லாம் அது என் கையில் இருந்தது. மற்ற நேரம் சாமியிடம்.

லேபில் அதன் மேல் நைட்ரைல் கிளவுஸை இழுத்து விட்டுக்கொள்வேன். நொடிமுள் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகும். சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர் சாம்பிள்களைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அது நன்றாக இருந்தது. ஒரு நாளைக்கு ஏழு நொடி முன்னால் ஓடுகிறது என்று கண்டுபிடித்து லேப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தேன். தினமும் குறித்தேன்.

பக்கத்து மேஜை வந்தனா மூன்றாம் நாளே பார்த்துவிட்டாள். யார் கொடுத்தது என்று ஹிந்தியில் கேட்டாள்.

"யாரும் இல்ல. நானே வாங்கினது."

"சல், ஜூட்டி," என்று சிரித்தாள். பொய்க்காரியாம். உண்மையைச் சொன்னால் எனக்கு இப்படித்தான் நடக்கும்.

முதல் ஆடி வெள்ளி. விளக்கேற்றிவிட்டு அம்மா பெட்டியைத் திறந்தாள். வாங்கி நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. வைத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இன்னும் என் கைச்சூடு இருந்திருக்கும்.

"ஏட்டி பிரபா, கட்டாம வச்சா நின்னுரும்னியே?"

நான் வாயைத் திறந்தேன்.

"ரெண்டு நாளா யாரும் தொடல. ஓடுதே!"

என் வாய் திறந்தபடி இருக்கும்போதே அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு வாசலுக்குப் போய், எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டாள்.

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு முடிந்திருக்கும். இரண்டாவது வெள்ளியன்று சொல்லியிருந்தால் அம்மா அழுதிருப்பாள். மூன்றாவது வெள்ளியன்று வாசலில் பதினேழு ஜோடி செருப்பு கிடந்தது.

அம்மா ஒழுங்குமுறை வகுத்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் மட்டும்தான் பெட்டி திறக்கும். பொம்பளைகள் முதலில். போட்டோ எடுக்கக் கூடாது. எடுத்தால் பூ தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். யாரோ பத்து ரூபாய் வைத்தார்கள். மறுநாள் அப்பா கடையிலிருந்து பெயர் வெட்டாத ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து பெட்டிக்குக் கீழே வைத்தார். தரிசனம் முடித்தவர்கள் அப்படியே கடைக்கும் போனார்கள். அந்த வாரம் ஆறு குத்துவிளக்கு விற்றது. தீபாவளிக்குக்கூட அப்பாவுக்கு ஆறு விற்றதில்லை.

வாட்ச் செல்போனைவிட இரண்டு நிமிடம் முன்னால் ஓடுகிறது என்று எதிர்வீட்டு அக்கா கவனித்தாள். எனக்கு நோட்டில் கணக்கு இருந்தது.

"நல்ல காரியம் சுருக்கா நடக்கும்னு காட்டுது," என்றாள் அம்மா.

சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். உள்ளே பேட்டரி இருக்கும் என்றார்கள். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தெருமுனையில் ஒரு கண்ணாடி மேஜை போட்டு வாட்ச் ரிப்பேர் செய்யும் முகம்மது ஹனீப் பாயைக் கூட்டி வந்தார். மேலப்பாளையத்துக்காரர். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, வாட்சைத் தொடாமல், பின்பக்கத்துக் கண்ணாடி தெரியும்படி அம்மாவையே முந்தானையால் எடுத்துத் திருப்பச் சொல்லிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பேட்டரி கெடையாது. ஆட்டோமேட்டிக்கு. கையில கட்டுனாதான் ஓடும்."

"யாரும் கட்டல பாய்."

"கட்டலன்னா ரெண்டு நா தாண்டாது."

"பத்தொம்பது நாளா ஓடுதே!"

ஹனீப் பாய் லென்ஸைக் கழற்றினார். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். காப்பித் தம்ளரை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டிருந்த என் இடது மணிக்கட்டில் அவர் பார்வை நின்றது. முழுக்கை கொஞ்சம் ஏறியிருந்தது. பட்டையின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது. அவர் தம்ளரை வாங்கிக்கொண்டார். நிதானமாகக் குடித்தார்.

"இது மெஷின் சமாச்சாரம் இல்ல அண்ணாச்சி," என்றார். "எனக்கு மெஷின் சமாச்சாரம்தான் தெரியும்."

தொழில் தெரிந்தவரே சொல்லிவிட்டார் என்று தெரு முழுக்கப் பேச்சானது. அவருக்கும் அதே தெருவில்தான் மேஜை.

இதற்கு நடுவே ஒரு திங்கட்கிழமை மழையில் ரயில் நின்றது. லேபுக்கு லீவு என்று மெசேஜ் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வைத்த வாட்ச். முப்பத்தெட்டு மணி நேரம் காலை எட்டேகாலோடு முடிகிறது. மெசேஜை யாரிடமும் காட்டாமல் வாட்சைக் கட்டி, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தாராவியிலிருந்து மாட்டுங்கா ஸ்டேஷன் வரை முழங்கால் தண்ணீரில் இடது கையை வீசி வீசி நடந்து, திரும்பி, மறுபடியும் நடந்தேன். யாரும் என்னவென்று கேட்கவில்லை. வாட்ச் ஐம்பது மீட்டர் ஆழம் வரை தாங்கும். என் செருப்பு தாங்கவில்லை.

அன்று ஹரிகிருஷ்ணனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. பதினான்கு வாட்ச் வீடியோக்களுக்குப் பிறகு அவர் எனக்கு அனுப்பிய முதல் வாக்கியம் அது. 'ரிசர்வ் முப்பத்தெட்டு மணி நேரம்தான். மூணு வாரமா ஓடுதாமே. இன்ட்ரஸ்டிங்.'

அவருக்குத் தெரியும். எட்டுப் பக்கம் எழுதியவருக்குத் தெரியாமல் இருக்காது. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. யாராவது ஒருவர் கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தவள் நான். பதிலை நான்கு தடவை தட்டி நான்கு தடவை அழித்தேன். கடைசியில் 'ஆமா' என்று மட்டும் போட்டேன். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அதற்குமேல் கேட்கவில்லை.

ஆடி கடைசி வெள்ளி அவர்கள் வந்தார்கள். செம்பூரிலிருந்து இரண்டு டாக்சியில் ஒன்பது பேர். முத்துசெல்வம் மாமா வேட்டி கட்டி முன்னாலேயே வந்து கயிறு மாதிரி ஒடுங்கிய சந்தில் கையை நீட்டி வழிகாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் அறையில் ஒன்பது பேர் உட்கார முடியாது. நான்கு பேர் மேல்வீட்டுக்கு ஏறும் இரும்பு ஏணியில் ஆளுக்கொரு படியாக உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை மேல்படியில். அவர் கையில் வாட்ச் இல்லை. முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு அந்த வெறுமையை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்தார்.

அம்மா பெட்டியைத் திறந்தாள். முப்பது நாள். மூன்றரை நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா குனிந்து பார்த்தார். தேம்பி அழுதார்.

"எங்க வீட்டுக்கு வரப்போற பொருள்," என்றார். "நான் என்ன புண்ணியம் செஞ்சேனோ."

"எல்லாம் மருமவன் அமைஞ்ச நேரம் மதினி," என்றாள் அம்மா.

"இதை அவன் கட்டப்படாது."

சொன்னது மாப்பிள்ளையின் அம்மா.

"ஏன்?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"சாமி ஓட்டுற வாட்ச். இடது கையில கட்டுவாங்களா? அந்தக் கையால காலையில என்னெல்லாம் செய்யறான்."

எல்லோரும் மாப்பிள்ளையின் இடது கையைப் பார்த்தார்கள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"வலது கையில கட்டிருவோம்லா?" என்றார் மாமா. "பெரிய பெரிய ஆட்களெல்லாம் அப்பிடித்தான் கட்டுதாவ."

"வலது கையால சாப்பிடுவான். எச்சில் படாதா?"

மாமா இன்னொரு கையைத் தேடுவதுபோல் யோசித்தார். இல்லை.

"எங்க பூஜை ரூம்லதான் இருக்கணும்," என்று மாப்பிள்ளையின் அம்மா முடித்தார். "வெள்ளிக்கு வெள்ளி நானே திறந்து காட்டுவேன்." அம்மாவின் முகம் ஒரு கணம் வாடி, பெருமையில் மறுபடி மலர்ந்தது. சரிதான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பாவும் ஆட்டினார்.

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"அப்ப நிச்சயத்தன்னைக்கு மாப்பிள்ளைக்கு வாட்ச்?"

அப்பாவின் தலை ஆடுவது நின்றது.

"நாங்க எதுவும் கேக்கல சம்பந்தி. முறையைச் சொல்றேன். இது சாமிக்குப் போயிடுச்சு. சபையில பையன் வெறுங்கையோட உக்காரக் கூடாது, பாருங்க."

"உக்காரப்படாது," என்றார் மாமா. "நான்லா கட்டணும்? எதக் கட்டுவேன்?"

"ஆடியாச்சே," என்றார் அப்பா மெதுவாக. அன்றைக்கு ஆடி அவருக்குத் துணையாக இருந்தது. "ஆடியில புதுசு எடுக்கப்படாது. அது முடிஞ்சா நவமி, கரிநாளு, செவ்வாய்…"

"சாமியே காரணம் குடுத்த பிறகு நாளு கிழமை என்ன?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "தோஷம் கிடையாது."

அப்போது மேல்படியிலிருந்து ஹரிகிருஷ்ணன் பேசினார். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு.

"மாட்டுங்கால ஸ்டாக் இருக்கு. நேத்தே கேட்டுட்டேன்."

நேற்றே.

"எது மாப்பிள்ள?" என்றார் மாமா.

"லிஸ்ட்ல ஃபர்ஸ்ட் மாடல்." அவர் போனை எடுத்து ஏணியிலிருந்து குனிந்து காட்டினார். கீழ்ப்படிகளில் இருந்த மூவரும் அதை வாங்கி வாங்கிப் பார்த்துக் கைமாற்றினார்கள். "வாங்குறதுன்னு ஆன பிறகு ஹாஃப் மெஷர்ஸ் எதுக்கு? முழுசாக் கட்ட வேண்டாம். பாதி இப்ப. மீதிக்குப் பன்னெண்டு மாசம் இ.எம்.ஐ. பிரபாவதியோட சாலரி ஸ்லிப் போதும்னு சொன்னாங்க."

பாதி எவ்வளவு என்று மனத்தில் போட்டுப் பார்த்தேன். எம்.எஸ்ஸி.க்கு மிஞ்சியிருந்ததில் இருநூறு ரூபாய் மிஞ்சும். மாமா மறுபடியும் என் நற்குணங்களைச் சொல்லியிருக்கிறார்.

ஹரிகிருஷ்ணன் என்னைப் பார்க்கவில்லை. முப்பத்தெட்டு மணி நேரம் என்று எழுதியவர். அந்த வாட்சை யாரோ தினமும் கட்டுகிறார்கள் என்று அந்த அறையில் என்னைத் தவிர அறிந்த ஒரே ஆள். சாமி பெயரில் இருபத்தெட்டு நாள் சந்தோஷமாக ஓடவிட்டுவிட்டு, நேற்று ஷோரூமுக்குப் போன் செய்திருக்கிறார். விவரமானவர் என்று அவருடைய அப்பா சொன்னது சரிதான்.

"எடுத்துருவோம்," என்றார் அப்பா. அவர் குரல் கடையில் நஷ்டத்துக்கு விற்கும்போது வருகிற குரல். ஆனால் முகம் சிரித்தது. வாசலில் தெருவே நின்றுகொண்டிருந்தது. "சாமிக்குச் செய்யுததுல கணக்குப் பாக்க முடியுமா? நாளைக்கே போவோம்." பிறகு என்னைப் பார்த்தார். "என்னட்டி?"

"பீஸ் கட்டணும்லாப்பா," என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

"என்ன சொல்லுதா?" என்றார் மாமா.

"படிப்ப சொல்லுதா," என்றாள் அம்மா. "படிப்பு எங்கட்டி ஓடிப்போவுது? அடுத்த வருஷம் சேந்துக்கிடலாம். வீட்டுல சாமியே வந்து உக்காந்திருக்கு, பீஸாம்."

"எங்களுக்கு ஆட்சேபணையே இல்லை," என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "எந்த வருஷம் வேணும்னாலும் படிக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ காப்பி கேட்டார்கள். நான் எழுந்து அடுப்புப் பக்கம் போக வேண்டும் என்று எதிர்பார்த்து வழிவிட்டார்கள். வழி நேராகச் சாமி தட்டுக்கு முன்னால் போனது. அங்கேயே நின்றுவிட்டேன். நொடிமுள் வழுக்கிக்கொண்டே போனது. அதைப் பார்த்துக்கொண்டு பேசுவது, முகங்களைப் பார்த்துக்கொண்டு பேசுவதைவிடச் சுலபமாக இருந்தது.

"சாமி ஓட்டல," என்றேன்.

"என்னது?" என்றாள் அம்மா.

வாசலில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி, என் வாழ்க்கையில் அதுவரை பேசாத சத்தத்தில் சொன்னேன்.

"அத சாமி ஓட்டல. நான்தான் தெனமும் கட்டுதேன். ஒரு மாசமா லேபுக்கு அதக் கட்டிக்கிட்டுதான் போயிட்டு வாரேன். இடது கையில."